உப்பு ராஜகுமாரி

சிதம்பரம்,
3.6.2025

அன்புள்ள மாலு,

நலமா? உன் மகள் அனு நலமா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். நம் பள்ளிக்கூட நாட்களை வைத்து நான் எடுத்த கார்ட்டூன் படம் முடிந்துவிட்டது. அரண்மனைப் பெண்ணும் கடலுக்கடியிலிருந்து வந்த உப்பு ராஜகுமாரியும் தீவு தீவாகச் சுற்றுகிறார்கள். உப்பு ராஜகுமாரி நீதான். படத்தை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். இருபதாம் தேதி இங்கே முதல் காட்சி. மேடையில் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உன்,
சத்யா

கடலூர்,
8.6.2025

அன்புள்ள சத்யா,

அனுவோடு பார்த்தேன். தீவுகள் அழகு. கிறிஸ்துமஸுக்கு என் அம்மா வைத்த கோழிக்குழம்பை நீ வழித்துச் சாப்பிட்டதைக்கூட கடலுக்கடியில் விருந்தாக்கிவிட்டாய்.

ஆனால் கடைசியில் உப்பு ராஜகுமாரி, தெளித்த தண்ணீரில் கரைந்துவிடுவேன் என்று அரண்மனை வாசலிலேயே கையசைத்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். அதையுமா வைத்தாய்? "நீ உப்பு ராஜகுமாரி மாலு, எங்க வாசல்ல தண்ணி தெளிச்சிருக்கு, கால வெச்சா கரஞ்சிடுவ" என்று நீ சொன்னதை எட்டாம் வகுப்புவரை நம்பினேன். எங்களை உன் அம்மா உள்ளே விடமாட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. சின்னப் பெண், வேறென்ன சொல்வாய் என்று விட்டுவிட்டேன். இப்போது நீ சின்னப் பெண் இல்லை. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போ. மேடைக்கு வருகிறேன்.

மாலதி

சிதம்பரம்,
12.6.2025

அன்பு மாலு,

உன் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த இடத்தில்தான் பார்த்தவர்கள் எல்லோரும் அழுகிறார்கள். அம்மாவும் முன்வரிசையில் இருப்பார்கள், இந்த வயதில் அவர்களை நோகடிக்க முடியுமா? கோபிக்காமல் வா. அனுவுக்குப் பட்டுப்பாவாடை எடுத்திருக்கிறேன். ஸ்டேஷன் பக்கம் நல்ல லாட்ஜில் ரூம் போட்டு, சாப்பாடும் அங்கேயே சொல்லிவிட்டேன். வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறது, இல்லாவிட்டால் இங்கேயே தங்கலாம்.

உன் சத்யா

கடலூர்,
16.6.2025

சத்யா,

நாங்கள் வரவில்லை. உங்கள் வீட்டில் பெயின்ட் வேலை என்றைக்கும் முடியாது.

படம் பார்த்ததிலிருந்து அனு ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்மா, தீவுல அவ்ளோ மழையில நனஞ்சாளே, அப்ப கரையலியே. வாசல்ல தெளிச்ச தண்ணியில மட்டும் எப்படிம்மா கரைவா?" அவள் வயதில் எனக்கு இது தோன்றவில்லை.

நேற்று அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பட்டுப்பாவாடை வேண்டாமாம்.

மாலதி