காரட் வண்டியில் வந்தவருக்கு

என் ஆசை அப்பா,

இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு வந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் இப்போதும் வட்டக்கானல் விடுதியில்தான் சமைக்கிறேன். போன வருஷம் அங்கே ஒரு சினிமாக் குழு வந்து தங்கியது. இல்லாத ஒரு மலையூர், அங்கே ஒரு சாவு, பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் என்று கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பக்கம் சாவில் வேடிக்கையாக ஏதாவது நடந்திருக்கிறதா என்று டைரக்டர் என்னிடம் கேட்டார்.

உங்களைச் சொன்னேன் அப்பா.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் கிடைக்காமல் உங்கள் உடலைக் காரட் மூட்டை வண்டியில் நம் மன்னவனூருக்கு ஏற்றி வந்ததை, சீசன் நெரிசலில் வண்டி நின்றதை, சுற்றுலா வந்த ஒரு அம்மா தார்ப்பாயைத் தட்டிக் காரட் கிலோ என்ன விலை என்று கேட்டதை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. இன்னும் சிரிக்கட்டுமே என்று, உங்கள் மேலேயே இரண்டு மூட்டையை அடுக்கியிருந்தோம் என்று சேர்த்துச் சொன்னேன். ஏன் சொன்னேன்?

படம் வந்துவிட்டது. ஊர்ப்பெயர் கற்பனை. பிணத்துக்கு மட்டும், நான் சொன்னபடியே, உங்கள் பச்சை மப்ளர். மூட்டை அடுக்கும் இடத்தில்தான் தியேட்டரில் அதிகச் சிரிப்பாம்.

தம்பி அதைப் போனில் அம்மாவுக்குக் காட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். எனக்குச் சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அம்மா கேட்டாள்.

"அப்பா மேல மூட்டைய வச்சா கொண்டாந்தீங்க?"

"இல்லம்மா. மூட்டையெல்லாம் பின்னாடி கெடந்துச்சு. அப்பா தலைய நான்தான் மடியில வச்சிருந்தேன்."

"வெல கேட்ட பொம்பளயும் பொய்யா?"

அது நிஜம் என்றேன். காரட் இல்லம்மா, எங்கப்பா என்று நான் சொன்னதும் அவர் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டதையும், வண்டி நகரும்வரை ரோட்டில் கைகூப்பி நின்றதையும் அன்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.

"அத ஏன்டி அவங்ககிட்ட சொல்லல?"

"அதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்கம்மா."

அம்மா என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தேன். நீங்களாக இருந்தால் திட்டியிருப்பீர்களா? திட்டியிருந்தால் தேவலை.

உங்கள் திதிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். எது நடந்தது, எதை நான் கட்டிவிட்டேன் என்று அம்மா முன்னாலேயே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். குரல் நடுங்கினாலும் பாதியில் நிறுத்த மாட்டேன் அப்பா.

தலைகுனிந்து,
உங்கள் மூத்த மகள்
செல்வி