நடுவில் ஒரு கறுப்புக் கோடு

பெப்ரவரி 3

காலையில் பனி. பத்து மணிக்குமேல் சுள்ளென்று வெயில். முதுகுவலி, அதே இடம். பாக்கியம் தைலம் தேய்த்துவிட்டாள், திட்டிக்கொண்டே.

இன்றைய வேலை: பாஸ்போர்ட் படம் 4. கைக்குழந்தை 1 (அழுகை, இரண்டு பிலிம் வீண்). கலியாணப் பேச்சுக்கு அனுப்பும் படம் 1.

கடைசியாகச் சொன்னது தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மாணிக்கம் ஐயாவின் மகள். சரோஜா. வயது 23. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். மாப்பிள்ளை வத்தேகமப் பக்கம் வாத்தியார். வழக்கமான நிற்பு: முழு உயரம், பக்கத்தில் முக்காலி, அதில் காகிதப் பூச்சாடி, முக்காலியின்மேல் ஒரு கை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் ஆள் தலைகீழ். இருபது வருடமாக இந்த ஊர்ப் பெண்களைத் தலைகீழாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிளாக்கரய்யா: "சிரிச்சுக் கிரிச்சு வைக்காத. அடக்கமா நில்லு."

நின்றாள். மைல்கல் மாதிரி. படம் நன்றாக வரும். இந்தப் படங்கள் எல்லாமே நன்றாகத்தான் வந்து தொலைக்கின்றன.

இனி இந்தக் கொப்பியில் பெ. என்றால் பெரிய கமரா. சி. என்றால் சின்னது. முழுதாய் எழுதக் கை வலிக்கிறது.

பெப்ரவரி 9

போயா விடுமுறைக்கு முதல் நாள். அரை நாள் வேலை. கலண்டரில் ஞாயிறு என்று போட்டிருக்கிறது, ஞாயிறை இப்போது யார் மதிக்கிறார்கள். நிலாவைப் பார்த்துத்தான் லீவு.

பின்னேரம் சி.யைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாக்கியம்: "காசு தராத படம் புடிக்கப் போறீங்களாக்கும்." ஆமாம்.

சி. போன வருடம் கப்பலில் வேலை செய்த ஒருவரிடம் வாங்கியது. ஒரு படத்துக்குரிய இடத்தை இரண்டாகப் பிரித்து அரை அரையாய் எடுக்கும். 36 படப் பிலிமில் 72. பிலிமுக்கு இப்படித் தட்டுப்பாடான நேரத்தில் அதுவே பெரிய காரியம். பெ.யைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் தெருவே விறைத்து நிற்கும். சட்டைப் பொத்தான் போடுவான், தலை வாருவான், பிள்ளையை இழுத்து முன்னால் நிறுத்துவான். சி.யை ஒருவரும் சட்டை செய்வதில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு முதுகே இல்லை.

எடுத்தவை:
- சைக்கிள் கடை வாசலில் தூங்கும் மனிதர், வாயில் சுருட்டு
- பொலிஸ்காரர், பக்கத்தில் ஆடு
- பஸ் ஸ்டாண்டில் கிளாக்கரய்யா மகள் சரோஜா, தனியாக, கையில் துணிப்பை, தலை கொஞ்சம் குனிந்து தனக்குள் சிரிப்பு. அன்றைக்கு நின்ற அதே பெண்தானா! அவள் என்னைக் காணவில்லை
- சந்தையில் கலேவெல வெங்காய வியாபாரி நவாஸ், தராசோடு, அவர் முகத்திலும் சிரிப்பு
- மழைக்கோட்டுப் போட்ட கிழவர், மழையே இல்லை

பெப்ரவரி 18

வெயில். தண்ணீர்க் குழாய் காலையிலேயே நின்றுவிட்டது. கழுவ வேண்டிய வேலை எல்லாம் தேக்கம்.

கண்டியிலிருந்து சி. படப் பொதி வந்தது. சின்னப் பிலிமைக் கழுவி அச்சடிக்க என்னிடம் வசதி இல்லை, அங்கேதான் அனுப்புகிறேன். வழக்கமாகப் பொதியின்மேல் "அரைப்படம்" என்று எழுதுவேன். இந்தத் தடவை எழுத மறந்திருக்கிறேன். அவர்கள் எல்லாப் பிலிமையும் போலவே அடித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு கடுதாசிக்கு இரண்டு படம், பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு கறுப்புக் கோடு.

முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு பார்க்கப் பார்க்கச் சிரிப்பு. பிள்ளையார் ஊர்வலமும் மீன் கடையும் ஒரே படத்தில். பன்னிரண்டாவதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. இடது பக்கம் சரோஜா, குனிந்து சிரிக்கிறாள். வலது பக்கம் நவாஸ், அவள் இருக்கும் திசைக்குத் திரும்பிச் சிரிக்கிறார். வெளிச்சம்கூட இருவருக்கும் ஒரே பக்கத்திலிருந்து. இருபது வருடத்தில் இப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை. இதையும் நான் எடுக்கவில்லை, அது வேறு கதை.

கடை முன் கண்ணாடிப் பெட்டியில் நடுவே இருந்த கலியாண ஜோடியைக் கழற்றிவிட்டு இதைப் போட்டேன்.

பாக்கியம்: "யாருங்க அந்த ஆளு?"
"ரெண்டு படம், ஒட்டி வந்திருக்கு."
"ஓ." அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெப்ரவரி 21

பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் கண்ணாடிப் பெட்டி முன்னால். இருபது வருடமாக அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்காத சனம். அவர்கள் பேசுவது உள்ளே என் காதில் விழுந்தது:

"கம்பத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் கலேவெல வெங்காயக்காரன்தானே?"
"பாத்தா அப்பிடித்தான் இருக்கு."
"அட அட அட. என்னா சிரிப்பு."

எனக்குத் தலை கால் தெரியவில்லை. இரவு சோறுகூட ஒரு பிடி அதிகம்.

பெப்ரவரி 22

காலை பத்தரை. கிளாக்கரய்யா. குடையை மடிக்காமலே உள்ளே வந்தார். முகம் செங்கல்.

"படத்த எடுங்க."
"எந்தப் படத்த?"
"என் மக படத்த. அந்த வெங்காயக்காரனோட நிக்கிற படத்த!"

மாப்பிள்ளையின் மாமா நேற்று இங்கே மாத்தளையில் பஸ் மாறியிருக்கிறார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்திருக்கிறார். என் கடையில் எடுத்த படத்தைப் பார்த்துப் பெண்ணை ஒப்புக்கொண்டவர்கள், என் கடையில் தொங்கும் படத்தைப் பார்த்து வேண்டாம் என்கிறார்கள்.

"ஐயா, அது ஒரு படம் இல்ல. ரெண்டு படம். நடுவுல கோடு இருக்கு பாருங்க."
"கோடா? கரண்டுக் கம்பம்னு ஊரே சொல்லுது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குக் கோடு தெரிந்தது. ஊருக்குக் கம்பம் தெரிந்திருக்கிறது. அரைப்படக் கமரா என்று ஒன்று இருப்பதே இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். பாக்கியம் கேட்டபோதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மடையன், மடையன்.

படத்தைக் கழற்றினேன். ஆணி விரலில் குத்தியது. நானே வத்தேகமவுக்கு வந்து சொல்கிறேன் என்றேன். கிளாக்கரய்யா குடையை அப்போதுதான் மடித்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். "அவளுக்கு இது நாலாவது பேச்சு" என்றார், என்னைப் பார்க்காமல்.

பெப்ரவரி 23

நவாஸ் கடைக்கு வந்தார். யாரோ கலேவெலவுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்னா அண்ணே வேல செஞ்சு வெச்சிருக்கீங்க? ஊட்டுல ரெண்டு நாளா பேச்சில்ல, சோறு மட்டும்தான் வருது. அல்லாஹ் அறிய, அந்தப் புள்ளைய நான் கண்டதே இல்ல! ஒரு கெழவி கொசுறுக்கு ஒரு வெங்காயம் கேட்டு மல்லுக்கட்டுனா. அதுக்குச் சிரிச்சேன்."

வத்தேகமவுக்குத் தானும் வந்து சொல்கிறேன் என்றார். நல்ல மனிதர். வேண்டாம் என்றேன். பெண் வீட்டார் வெங்காயக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினால் அதோடு சரி. அவர் மனைவிக்குக் காட்ட, படத்தைப் பெ.யில் படமெடுத்து, எப்படி வெட்டுவது என்று சொல்லி ஒரு பிரதி கொடுத்தனுப்பினேன்.

பெப்ரவரி 24

போயா. கிளாக்கரய்யாவும் நானும் பஸ்ஸில் வத்தேகம. கொண்டுபோனவை: நெகட்டிவ், பூதக்கண்ணாடி, படம், கத்தரிக்கோல், சி. வழியெல்லாம் கிளாக்கரய்யா ஒரு வார்த்தை பேசவில்லை. என் முதுகு பேசிக்கொண்டே வந்தது.

மாப்பிள்ளையின் தாய், மாமா. மாப்பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால், செருப்பு மட்டும் தெரிந்தது. நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். இது அவளுடைய அரை, இது அவருடைய அரை. இவளுக்குப் பின்னால் பஸ். இவருக்குப் பின்னால் சந்தைச் சுவர். பிறகு படத்தைக் கோட்டின்மேல் வெட்டி, இரண்டு துண்டையும் மேசையில் தள்ளித் தள்ளி வைத்தேன். சி.யைத் திறந்து உள்ளேயும் காட்டினேன்.

மாமாவுக்கு விளங்கிவிட்டது. "அட, மெசின் செஞ்ச வேல" என்று சிரித்தார். தேத்தண்ணீர் வந்தது. கிளாக்கரய்யா அன்றைக்கு முதல் தடவையாக மூச்சு விட்டார்.

தாய் மட்டும் சரோஜாவின் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

"சரி. அந்த ஆளப் பாத்து இல்ல. அப்ப யாரப் பாத்துச் சிரிக்கிறா?"

கிளாக்கரய்யா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

"நான்தாங்கம்மா சிரிக்கச் சொன்னேன். படத்துக்காக."

பொய். அவள் என்னைக் காணவே இல்லை.

தாய் துண்டை மேசையில் வைத்தார். "பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆம்பள சிரின்னா சிரிச்சிருவாளா?"

தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று. யாரும் குடிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கிளாக்கரய்யா முன் இருக்கையில் போய் உட்கார்ந்தார், பக்கத்தில் இடம் இருந்தும்.

பெப்ரவரி 28

பாஸ்போர்ட் 6. பார்த்தால் ஆறும் ஒரே முகம் போல் இருக்கிறது, கண் களைப்பு.

தபாலில் ஒரு கவர். வத்தேகம முத்திரை. உள்ளே நான் பெ.யில் எடுத்த சரோஜாவின் படம், முக்காலி, பூச்சாடி எல்லாம். கடுதாசி இல்லை. படம் திரும்பி வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம், அதற்குக் கடுதாசி எதற்கு. பெண் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். இவர்கள் படத்தின் பின்னால் இருந்த என் கடை முத்திரையைப் பார்த்து என் விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். கிளாக்கரய்யாவின் பெயரை எழுதக்கூட மனமில்லை.

நான் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நாளைக்கு.

மார்ச் 2

போகவில்லை. முதுகு.

மார்ச் 3

போகவில்லை. முதுகு என்று எழுதுவது பொய். கவர் மேசை லாச்சிக்குள். லாச்சியைத் திறப்பதே இல்லை. பாக்கியம்: "நீங்க குடுக்காட்டி படம் திரும்பாமப் போயிருமா?"

மார்ச் 5

வெயில் என்றால் வெயில். தார் இளகுகிறது.

மத்தியானம் சரோஜாவே வந்தாள். தனியாக. திட்டட்டும் என்று எழுந்து நின்றேன். கவரைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள், பைக்குள் போட்டாள்.

"எப்ப வந்துச்சு மாமா?"
"அஞ்சு நாளாச்சும்மா. கொண்டு வரத் தைரியம் வரல."
"நீங்க சிரிக்கச் சொன்னீங்கன்னு சொன்னீங்களாமே."
"ஆமா. பொய்தான். என்னய மன்னிச்சிரும்மா."

முக்காலியில் உட்கார்ந்தாள். பூச்சாடியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பாவும் கேட்டாரு, அம்மாவும் கேட்டாங்க, யாரப் பாத்துச் சிரிச்சேன்னு. நீங்க மட்டும் கேக்கல." பிறகு, கேட்காமலே சொன்னாள். "அன்னைக்குப் பிள்ளைக்காம்பராவுல ஒரு பய. ரெண்டு வயசு. அதுவரைக்கும் வாயத் தொறந்ததே இல்ல. ஊமையோன்னு அவன் அம்மா அழுதுக்கிட்டே இருக்கும். அன்னைக்கு எங்கப்பா மாதிரியே இடுப்புல கை வெச்சுக்கிட்டு, 'ஏய் சரோசா, சோறு'ங்கிறான்! பஸ் ஸ்டாண்டுல அத நெனச்சுக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான்."

"வீட்டுல சொன்னியாம்மா?"
"சொன்னேன். நல்லாக் கதை கட்டுறேன்னாரு."

வெளிப்படையாகவே அழுகை வந்தது, நாற்பத்தெட்டு வயதில். துணியால் பெ.யின் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அப்பா இன்னொரு இடம் பார்க்கிறாராம். புதுப் படம் வேண்டுமாம். "திரும்பி வந்தத இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் மாமா. பெரிய கமராவும் வேணாம். சின்னதுல எடுங்க. அன்னைக்கு நின்ன மாதிரியே எடுங்க. புடிச்சவங்க வரட்டும்."

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அதே இடம். அதே துணிப்பை. நான் எட்டடி தள்ளி நின்றேன். சனம் பார்த்தது, பார்க்கட்டும். அவள் தலையைக் கொஞ்சம் குனிந்தாள். அந்தப் பயலை நினைத்துக்கொள் என்றேன். நினைத்துக்கொண்டாள், உதடு அசைந்தது, "ஏய் சரோசா" என்று சொல்லியும் பார்த்தாள். மூன்று தடவை அழுத்தினேன்.

"போதும் மாமா" என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மார்ச் 15

லேசான மழை, மண் நனையவில்லை. பாஸ்போர்ட் 3. கலியாணப் பேச்சுப் படம் 2, முக்காலியின் கால் ஆடுகிறது, ஆணி அடிக்க வேண்டும்.

கண்டிப் பொதி வந்தது. "அரைப்படம்" என்று சிவப்பு மையில் மூன்று இடத்தில் எழுதியிருந்தேன். தனித்தனியாகத்தான் அடித்திருக்கிறார்கள். கோடு இல்லை. சரோஜா மூன்று படம்.

மூன்றையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். அதே குனிவு, அதே சிரிப்பு, ஆனால் மைல்கல் மாதிரி நிற்கிறாள். பாக்கியமும் வந்து பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு. பெரிய கமராவுல எடுத்ததா?"