காமாக் கதிரும் நாத்தனார் முடிச்சும்

அன்பு மகள் ஹேமாவதிக்கு உங்கம்மா எழுதுறது. இங்கன நானும் உங்கப்பாவும் நட்ட நாத்தும் சொகம், அங்கன நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சொகமாயிருக்கச் சுருளி வேலப்பர் துணை. லோயர் கேம்ப்ல பெரியாத்துத் தண்ணி தொறந்துட்டாக, நடவு முடிஞ்சது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய்தான் குறையலை.

போன்ல சொன்னா பேச்சை மாத்துறே, அதான் எழுதுறேன். உன் தம்பி சுருளிராஜனுக்கு ஆவணி பன்னெண்டு கல்யாணம்னா, அந்த வாரம் டூட்டி, நச்சத்திரம் எப்ப வெடிக்கும்னு தெரியாது, செல்லு அலறுனா கம்ப்யூட்டர்ல உக்காரணும்ங்குறே. ஆத்தா, மேல சுத்துற டெலஸ்கோப்பு அது வெடிச்சதும் வர்ற காமாக் கதிரைத் தானாவே பிடிச்சு, எத்தனை செகண்டு, எவ்வளவு உக்கிரம்னு குறிச்சு அனுப்பிருதுன்னியே. ரெண்டு செகண்டுக்குள்ள முடிஞ்சா ஒரு ரகம், நீண்டா வேற ரகம்னு சொன்னதும் மறக்கலை. மத்த டெலஸ்கோப்புக்காரவுகளுக்குச் சட்டுன்னு சேதி சொல்லத்தான் ஆள் வேணுமாம், அது நீயேதானா? உங்கண்ணன் தங்கபாண்டி கல்யாணத்துலயும் இப்படித்தான். அவன் முத முடிச்சுப் போட்டு நிமிர்றதுக்குள்ள உன் செல்லு அலறி, மீதி ரெண்டு முடிச்சையும் போடவேண்டிய நீ பட்டுச்சேலையோட சமையல் பந்தலுக்கு ஓடி, அரிசி மூட்டை மேல கம்ப்யூட்டரை விரிச்சே. இதுதான் சாக்குன்னு உன் பெரியப்பா மக சங்கிலியம்மாள் பாஞ்சு வந்து முடிஞ்சுட்டா. ஏழு வருசமா அவன் வீட்டுல காதுகுத்துன்னாலும் "நான் முடிஞ்ச தாலி"ன்னு முன்னால உக்கார்றா. இப்பவும் கம்பம் டவுன்ல அரக்குச் சேலை எடுத்துட்டு, "ஹேமா எங்க வரப்போறா சின்னம்மா, நான் இருக்கேன்"னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்றா. இதைச் சொன்னா, பழசைக் கிளறாதேம்மாங்குறே. கோடி கோடி வருசத்துக்கு முன்னாடி செத்ததை இன்னைக்கு உக்காந்து அளக்குறவ, ஏழு வருசத்தைப் பழசுங்குறது நாயமா?

ஒரு காரியம் செஞ்சுட்டேன், கோவிக்காதே. போன ஞாயிறு வீடியோவுல நீ பேரனைக் குளிப்பாட்டப் போனப்ப, வீட்டுக்கு வந்திருந்த உன்கூட வேலை பாக்குற மகிமாகிட்டப் பேசினேன். அந்த வாரம் உன் டூட்டியை அவ பாத்துக்கிறா, கார்த்திகையில அவளுக்கு நீ பாக்கணும். பன்னீர் திராட்சை குடுத்து விடுறேன்னேன், ஏர்போர்ட்ல விடமாட்டாக, முறுக்கு போதும்னா. நல்ல புள்ளை. உன்கிட்ட நானே சொல்றேன்னு அவ வாயைக் கட்டி வச்சிருக்கேன். இனி உனக்குச் சாக்கு இல்லை.

மூணு பேரும் நோய்நொடியில்லாம நூறு வருசம் இருக்கணும். பேரனுக்குக் குல்லா எடுத்து வை, ஆவணிச் சாரல் ஆகாது. மண்டபத்துல நொழைஞ்சதும் செல்லை அமத்தி என் கையில குடுத்துரு. சங்கிலியம்மாளுக்கு முன்வரிசையில, தூண் மறைக்காத நாற்காலியா நானே போட்டு வைக்கிறேன். நல்லாப் பாக்கட்டும்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அம்மா
பஞ்சம்மாள்