கொலை இல்லாத படம்

சிட்னி, 1950

அன்புத் தங்கைக்கு,

நம் கொள்ளுத்தாத்தா இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டு, கால்விலங்கோடு கப்பலில் இங்கே வந்திறங்கிய கைதி என்று உன் கல்யாண விருந்தில் உன் மாமியார் காதுபட நான் உளறியதிலிருந்து, ஆறு வருஷமாக நீ என்னோடு பேசவில்லை.

நேற்று பகல் காட்சிக்குப் போனேன். திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் என்று கூட்டம் வந்திருந்தது. படமோ பழைய சிட்னியில் விடுதலையாகிப் பணக்காரனாகிவிட்ட ஒரு கைதியின் குடும்பக் கதை. "கொலை எப்பங்க வரும்?" என்று பக்கத்து இருக்கைக்காரர் என்னைக் கேட்டார். பாதிப் பேர் எழுந்து போனார்கள்.

கைதி வீட்டு விருந்துக்குச் சீமாட்டிகள் வர மறுத்தபோது, முன்வரிசையில் ஒரு பெண் உரக்கச் சொன்னாள்: "எங்க கொள்ளுத்தாத்தாவும் கைதிதான். அதுக்கென்ன இப்போ?"

உன் குரல்தான். முதலில் கைதட்டியது நான். விளக்கு போட்டதும் உன்னைக் கூப்பிடத்தான் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடை சுடுகிறேன். உன் மாமியாரையும் அழைத்து வா. இந்த முறை நீ பேசு, நான் பரிமாறுகிறேன்.

உன் வாயாடி அக்கா