அப்பம் சுடாத வீடு

கொலோன், ஜெர்மனி
7 பிப்ரவரி 1978

பிரியமுள்ள மறியச்சேச்சிக்கு ஏலியாம்மா எழுதுவது.

அப்பன் இறந்துவிட்டார் என்ற உங்கள் தந்தி வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பன் ஒரு நாளும் என்னை மருமகளாக நடத்தியதில்லை. மகளே என்றுதான் கூப்பிடுவார். எனக்கே இப்படி இருக்கிறதென்றால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட உங்களுக்கு எப்படி இருக்கும்!

சேச்சி, உங்கள் தம்பியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

கிழித்துப் போடாமல் முழுக்கப் படியுங்கள். அவருடைய பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கிற அலுவலகத்தில் கிடக்கிறது. ஈஸ்டர் கழிந்துதான் வருமாம். நடுவில் திரும்பக் கேட்டால் மனுவே ரத்து. ஊருக்குப் போகலாம், மறுபடி இங்கே கால் வைக்க முடியாது. தெரிந்தால் அவர் ஒரு நிமிஷம் நிற்பாரா? த்ரேசியாவுக்கு ஐந்து வயது, அவுசேப்புக்கு மூன்று. அவர் வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதால்தான் நான் இரவு டியூட்டியும் பகல் டியூட்டியும் ஓடுகிறேன். அவர் போய்விட்டால் இரண்டையும் யாரிடம் விடுவேன்?

விசா கையில் வந்த அன்றைக்கே நானே சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் அவருக்கு வழக்கம்போல எழுதுங்கள். என்னைத் திட்ட வேண்டுமானால் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதுங்கள்.

உங்கள்
ஏலியாம்மா


பாலா, கேரளம்
18 பிப்ரவரி 1978

ஏலியாம்மைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டினேன். உனக்குக் கேட்டிருக்காது.

பெட்டியை மூடுகிற நேரத்தில் பாதிரியார் என்னைப் பார்த்தார். "மகன் வரலியா?" என்று கேட்டார். "விமானம் கிடைக்கல அச்சா" என்று கல்லறை வாசலில் நின்று பொய் சொன்னேன். கடைசி முத்தம் கொடுக்க ஆண்பிள்ளை இல்லாமல் அப்பன் போனார். அதற்கு முந்தின வாரம் கூட, "சாக்கோ பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வந்ததும் தெக்கு அறைய ஒழிச்சுக் குடுடீ, அவுசேப்பு எங்கூடத்தான் படுப்பான்" என்றார். தன் பெயரைச் சுமக்கிற பேரனை அவர் போட்டோவில்தானே பார்த்தார்?

உன் கஷ்டம் புரியாமல் இல்லை. பிள்ளைகளை நினைத்துத்தான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் அப்பன் சுகமாக இருக்கிறார் என்று என் கையால் எழுத மாட்டேன். கிணறு, பசு, மழை என்று எழுதுகிறேன். அவனுக்கு மூளை இருந்தால் புரிந்துகொள்ளட்டும்.

மறியச்சேச்சி


கொலோன்
2 மார்ச் 1978

பிரியமுள்ள சேச்சிக்கு,

கிணறும் பசுவும் வந்து சேர்ந்தன. "என்ன இது, சேச்சி அப்பனைப் பத்தி ஒரு வரி எழுதல? ரெண்டு பேரும் சண்டையா?" என்று சிரித்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது வேறொரு இடி. இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, வீட்டுப் பெரியவர் முறித்துக் கொடுக்கிற பெசகா அப்பத்தை இங்கேயே சுடப்போகிறாராம்! ஊரில் அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நம் ஊர் லில்லியின் மாப்பிள்ளை வர்கீஸ் லண்டன் போனபோது சொல்லி உளுந்தும் வெல்லமும் வாங்கி வைத்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை சுட்டுப் பார்க்கிறார். ஒரு தடவை கல், ஒரு தடவை கூழ். த்ரேசியா தின்று பார்த்துவிட்டு ஜெர்மனில் ஏதோ சொன்னாள். நல்ல வேளை, அவருக்குப் புரியவில்லை.

ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "பிள்ளைங்க மலையாளத்த மறந்துக்கிட்டு வருது ஏலி. இதையாவது காட்டி வைக்கணும். ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போனா, அப்பன் அப்பத்த முறிச்சு நீட்டுறப்போ இதுங்க திருதிருன்னு முழிச்சா எனக்குத்தான மானக்கேடு?" என்றார். அந்த இரண்டு வருஷக் கணக்கைச் சொல்லித்தான் அவர் இங்கே நாளைத் தள்ளுகிறார். த்ரேசியாவை நம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அவுசேப்பை அப்பனிடம் விட வேண்டும், வேறு பேச்சே இல்லை.

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஏலியாம்மா


பாலா
11 மார்ச் 1978

ஏலிக்குட்டிக்கு,

அப்பம் சுட விடாதே. தலைகீழாக நின்றாவது தடுத்துவிடு.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பெசகா அப்பம் கிடையாது என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் தின்ன வேண்டும். இங்கே கிழக்கு வீட்டு அன்னம்மா இப்போதே சொல்லிவிட்டாள். மகன் எந்த ஊரில் இருந்தாலும் அவன் இருக்கிற இடமும் அப்பனுடைய வீடுதான். அப்பன் மண்ணுக்குள் போய் ஈரம் காயவில்லை, மகன் வெல்லம் காய்ச்சிக்கொண்டு நிற்கிறானா?

காய்ச்சல் என்று படுத்துக்கொள். உளுந்தைத் தூக்கிக் குப்பையில் போடு. இல்லாவிட்டால் உண்மையைச் சொல். உன்னால் முடியாது என்றால் நான் ஒரு வழி செய்வேன். அப்புறம் என் மேல் வருத்தப்படாதே.

மறியச்சேச்சி


கொலோன்
26 மார்ச் 1978, ஈஸ்டர்

சேச்சிக்கு,

உங்களுக்குத் திருப்திதானே?

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வெள்ளை வேட்டி கட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி உட்காரவைத்திருந்தார். மாவு கரைத்து, அதன் மேல் குருத்தோலையைச் சிலுவையாக வைத்து, அடுப்பில் ஏற்றப்போன நேரம் மணி அடித்தது. அவர்தான் கதவைத் திறந்தார். வர்கீசும் லில்லியும் துணி மூடிய தட்டோடு நின்றார்கள்.

"என்னடா வர்கீசே, நான் சுடுறத நம்பாம உம்பொண்டாட்டி சுட்டதத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்று கிண்டல் செய்தார். வர்கீஸ் சிரிக்கவில்லை. லில்லி தரையைப் பார்த்தாள். உங்கள் தம்பி தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு?" என்று கேட்டார். "அப்பனா, சேச்சியா?"

வர்கீஸ்தான் சொன்னான்.

அவர் போய் அடுப்பை அணைத்தார். கை கழுவிவிட்டு வந்து லில்லியின் தட்டை வாங்கினார். "நம்ம அப்பம் எங்கப்பா?" என்று அவுசேப்பு கேட்டான். "இந்த வருஷம் நம்ம வீட்ல சுடக் கூடாது மோனே" என்றார். அந்த அப்பத்தையே முறித்தார். வயதுப்படி எனக்கு, த்ரேசியாவுக்கு, அவுசேப்புக்கு என்று கொடுத்தார்.

எல்லாரும் போன பிறகு, என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். "அதுக்கடுத்த திங்கக்கிழமைதான கார்னிவல்? முகத்துல சாயம் பூசிக்கிட்டு, இவனத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, மிட்டாய் பொறுக்கித் தெருவுல ஆடினேன். நீ ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்த ஏலி" என்றார். அவ்வளவுதான். இன்றுவரை என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

வர்கீசுக்கு எழுதியது நீங்கள்தானே? விசா வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நானே பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துச் சொல்லியிருப்பேன். அந்த ஒன்றையும் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

ஏலியாம்மா


பாலா
6 ஏப்ரல் 1978

ஏலிக்குட்டி,

நான்தான் எழுதினேன். அப்பனுக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கையைப் பிடித்துச் சொல்லியிருப்பாய் என்கிறாய். சொல்லியிருக்க மாட்டாய். விசா வந்த பிறகு வேறு ஏதாவது வந்திருக்கும். உன்னைக் குறை சொல்லவில்லை, பயந்தவள் நீ. நானும் உன்னோடு சேர்ந்து பயந்தேன்.

அவனை என்னிடம் அனுப்பு. ஒரு மாதம் போதும். கல்லறையில் விழுந்து அழட்டும், என்னை நாலு அறை அறையட்டும், சரியாகிவிடும். தெற்கு அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். பெரிய வியாழன் கழிந்ததிலிருந்து அவனுக்கும் மூன்று கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை. அவன் சாப்பிடுகிறானா?

மறியச்சேச்சி


கொலோன்
30 ஏப்ரல் 1978

பிரியமுள்ள சேச்சிக்கு,

சாப்பிடுகிறார். தூங்குகிறார். பிள்ளைகளையும் முன்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்.

விசா வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு. இனி போய்விட்டுத் தாராளமாகத் திரும்பி வரலாம். பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுத்து, ஒரு மாதம் லீவு எழுதிவிட்டேன், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், சேச்சி காத்திருக்கிறார், போய் வாருங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். "போயி யாரப் பாக்க?" என்று கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். உங்கள் கடிதங்களும் அங்கேதான் இருக்கின்றன. படித்தாரா என்று தெரியவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து மொழி வகுப்புக்குப் போகிறார். கதவு கதவாக ஏறி அவுசேப்புக்கு இங்கே பாலர் பள்ளியில் இடம் வாங்கிவிட்டார். பெயர் கேட்டார்களாம். அவுசேப்பு என்று சொல்லாமல், இந்த ஊர் வழக்கப்படி யோசெஃப் என்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்குப் போகிற மனுஷன், சேச்சி! நாம் இங்கே நிலைக்க வேண்டும் என்றால் நீங்களும் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எத்தனை தடவை அழுதிருப்பேன். கேட்டதெல்லாம் ஒரே மாதத்தில் கிடைத்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

நேற்று சாப்பிடும்போது பையன் தாத்தாவை நினைத்துச் சுத்தமான மலையாளத்தில், "அப்பா, வல்லியப்பச்சன் வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டான். அவர் ஜெர்மனில் பதில் சொன்னார். தட்டுத் தடுமாறி, தேடித் தேடி நாலு வார்த்தை. இதுதான் நம் வீடு, சாப்பிடு என்று. அப்பா ஜெர்மன் பேசிவிட்டார் என்று பிள்ளைகள் இரண்டும் கைதட்டிச் சிரித்தன. அவரும் சேர்ந்து சிரித்தார். நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

சேச்சி, தெற்கு அறையை வாடகைக்கு விட்டுவிடுங்கள்.

ஏலியாம்மா