உங்கள் பங்குத் தண்ணீர்

என் அன்பு அண்ணே,

பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். உறவுக் கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். உங்களிடம் என்ன விசாரிப்பது? அதனால் எங்கள் நலத்தையே சொல்கிறேன். நான் இப்போது கிள்ளானில் இல்லை. பிரிக்பீல்ட்ஸில், உங்கள் வீட்டில், உங்கள் கட்டிலில்தான் படுக்கிறேன். அண்ணியைத் தனியாக விட மனம் வரவில்லை.

வாளிகள் குளியலறையில் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. சிவப்பு வாளி சுடுநீருக்கு, நீல வாளி குளிர்நீருக்கு. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதும் ஊரே கோயில், காப்பிக்கடை என்று போனபோது நீங்கள் தண்ணீர் வைத்தியத்தில் இறங்கினீர்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் வெதுவெதுப்பான தண்ணீர். சாயங்காலம் இரண்டு வாளிகளில் மாற்றி மாற்றிக் கால். மலச்சிக்கல் என்றால் இடுப்புக் குளியல், தலைவலி என்றால் அடிவயிற்றில் ஈரத்துணி, சளி என்றால் எலுமிச்சை மணக்கும் செரேப் புல்லைத் தட்டிப் போட்டு ஆவி. மாடிப்படியில் ஏறும் பிள்ளைகள் உங்களுக்கு 'வாளி அங்கிள்' என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் கோபப்பட்டதே இல்லை.

உங்கள் தத்துவத்தைக்கூட இந்த ஊர்க் குழாயிலிருந்துதான் எடுத்தீர்கள். தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திறந்ததும் முதலில் தேத்தண்ணி நிறத்தில் வரும் அல்லவா? "பாத்தியா டீச்சர், குழாயே கொஞ்ச நேரம் அழுக்கத் துப்பிட்டுத்தான் நல்ல தண்ணி குடுக்குது. உடம்பும் அப்படித்தான்" என்பீர்கள். கழிவை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை, அதற்கு வாளி வேண்டாம் என்று நான் சொன்னால், "சிறுநீரகத்துக்கு ஒரு கை குடுக்கிறேன் லா" என்று சிரிப்பீர்கள். அந்த மங்கிய தண்ணீரையும் கொட்ட மாட்டீர்கள். கழிவறைக்கு ஆகும் என்று பிடித்து வைப்பீர்கள். ஊற்றிய தண்ணீரைக் கீழே கொட்டக்கூடாது என்பது உங்கள் வீட்டுச் சட்டம்.

உங்கள் சாவு வீட்டில் ஒருவர் என் காதுபடவே சொன்னார், "இவ்வளவு தண்ணி வைத்தியம் பண்ணியும் போயிட்டாரே" என்று. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அண்ணே, அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று என்னிடமே இருக்கிறது. அன்று சாயங்காலம் "கொஞ்சம் களைப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு வாளியில் கால் வைத்து உட்கார்ந்தீர்களாம். நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டதாம். அது மாரடைப்பு என்று பிறகுதான் தெரிந்தது. நெஞ்சு வலித்திருக்குமே. அதையும் வாளியில் இறக்கிவிடலாம் என்று நினைத்தீர்களா? இல்லை, வலியே தெரியாமல் போனீர்களா? அண்ணியிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அண்ணிக்கும் இதயம்தான். நீங்கள் போன சில மாதங்களில் அவர்களுக்குக் கால் வீங்கியது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. சாய்ந்து படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார்கள். உங்கள் மகள் சுதா ஜொகூரிலிருந்து ஓடி வந்து மருத்துவமனையில் சேர்த்தாள். இதயம் பலவீனமாகிவிட்டது, அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, குடிக்கும் தண்ணீருக்கும் அளவு வைத்தார். உங்கள் வீட்டில் தண்ணீருக்கு அளவு!

அண்ணிக்குப் புரிய வேண்டுமே என்று நான் வழக்கம்போல உதாரணம் சொன்னேன். "அண்ணி, கீழ பழைய பம்ப்பு இருக்குல்ல? அது மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்தத் திணறுது. கீழ நீங்க ஊத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? பம்ப்பு அறையே மூழ்கிடும்." அண்ணி தலையாட்டினார்கள். நர்ஸ் மிஸ்ஸி ஒரு போத்தலில் கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரைதான், கஞ்சி, தேத்தண்ணி எல்லாம் அதற்குள். சுதா வேலைக்குத் திரும்பிப் போனாள். நான் துணிப்பையுடன் கொமியூட்டர் ரயில் ஏறி வந்துவிட்டேன்.

அண்ணி போத்தலை ஏமாற்றவில்லை. கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் வீக்கம் வடியவில்லை. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். "ஆன்டி, உண்மையச் சொல்லுங்க, வேற ஏதாவது குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர்" என்றார்கள் அண்ணி, கண்ணைப் பார்த்தே.

அது பொய் இல்லை, அண்ணே. அவர்கள் கணக்கில் அது பொய்யே இல்லை.

ஒரு விடியற்காலையில் நான் சீக்கிரமே எழுந்துவிட்டேன். அண்ணி உங்கள் பெரிய எவர்சில்வர் செம்பில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போய் உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். விளக்கு ஏற்றினார்கள். செம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நீங்கள் குடிக்கும் பதத்துக்கு ஆறியதும் அதை எடுத்துப் படத்தைப் பார்த்தபடியே முழுவதையும் குடித்து முடித்தார்கள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"உங்க அண்ணன் பங்கும்மா."

"அண்ணன் பங்குன்னா? உங்க வயித்துக்குள்ளதானே போகுது?"

"என் பங்கு போத்தல்ல இருக்கு. இது அவரு பங்கு. என் கணக்குல எப்படி வரும்?"

சாயங்காலமும் ஒரு செம்பு உண்டாம். நீங்கள் போனதிலிருந்து ஒரு நாளும் தவறவில்லையாம். எத்தனை வருடம் கழித்தல் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான்! அண்ணியின் கணக்கில் ஒரு செம்பைக் கழிக்க முடியவில்லை. படத்துக்கு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பிறகு கொட்டிவிடுங்கள் என்றேன். அவர்கள் முகம் மாறிப்போனது.

"ஊத்தின தண்ணியக் கொட்டக்கூடாதுன்னு சொன்னது யாரு? அதோட, அவருக்கு வச்ச தண்ணிய நான் கீழ கொட்டினேன்னு வச்சிக்க. அவரு இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா?"

உங்கள் படத்தைப் பார்த்தேன். உங்கள் சட்டம், உங்கள் செம்பு, உங்கள் மனைவியின் மூச்சு. உங்களை வாளியிடம் விட்டோம். அண்ணியைச் செம்பிடம் விடவா? டாக்டரிடம் சொல்வேன், சுதாவிடம் சொல்வேன் என்று மிரட்டியும் பார்த்தேன். "சொல்லிக்கோ" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமும் செம்பு காலியானது.

அப்புறம்தான் தண்ணீர் வெட்டு வந்தது. கைப்பேசியில் அறிவிப்பு வந்திருந்தது. நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. நீங்கள் இருந்தால் முந்தின நாளே தண்ணீர்த் தொம்பு நிரம்பியிருக்கும், குளியலறை முழுக்க வாளி நிற்கும். காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறியது. தண்ணி லோரி வந்து நின்றதும் நான் உங்கள் இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் முதல் மாடி மேரி அக்கா.

"என்ன டீச்சர், வாளி அங்கிள் வீட்டுலயே தண்ணி இல்லையா லா?" என்று சிரித்தவர், பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டார். "அவரு இருந்தா எங்களுக்கும் சேத்துப் புடிச்சு வச்சிருப்பாரு" என்று என் கையிலிருந்து ஒரு வாளியை வாங்கிக்கொண்டார். இருவரும் மாடியில் நின்று நின்று ஏறினோம்.

அன்று கெண்டியில் மிஞ்சியிருந்த முந்தின நாள் தண்ணீரைத்தான் அண்ணி உங்கள் செம்பில் ஊற்றியிருந்தார்கள். அது படத்துக்கு முன்னால் இருந்தது. அண்ணி நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். புழுக்கம் வேறு. கால் பளபளவென்று வீங்கி, தோல் வெடிப்பதுபோல் இருந்தது. எனக்கு டெங்கி வந்தபோது நீங்கள் கிள்ளானுக்கே வந்து, பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து, நெற்றியிலிருந்து பாதம் வரை துடைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. "குடிக்கிற தண்ணி பாதி வைத்தியம், தோல்மேல படுற தண்ணி மீதி வைத்தியம்" என்று அப்போது சொன்னீர்கள். உளறாதீர்கள் என்று காய்ச்சலிலும் உங்களைத் திட்டினேன்.

உங்கள் அலமாரியில் அந்த வேட்டித் துண்டு மடித்தபடியே இருந்தது. எடுத்தேன். படத்துக்கு முன்னால் இருந்த செம்பையும் எடுத்தேன். அண்ணி பதறினார்கள்.

"அத எங்க எடுத்துட்டுப் போற?"

"எங்கயும் போகல. கால நீட்டுங்க."

"ஐயோ, என் காலப் போயா? நீ டீச்சரம்மா, விடு!"

"அண்ணன் பங்கு உங்களுக்குத்தான் வருது, அண்ணி. வாய் வழியா வரல, அவ்வளவுதான்."

துண்டைச் செம்பில் நனைத்துப் பிழிந்தேன். முகம், கழுத்து, கை, பிறகு கால். மெதுவாக, நீங்கள் துடைத்த மாதிரி. செம்பில் ஒரு சொட்டு மிஞ்சவில்லை, கீழேயும் கொட்டவில்லை. அண்ணி கண்ணை மூடியிருந்தார்கள். உங்கள் உடலைத் தூக்கியபோதுகூட அழாதவர்கள், அண்ணே, அன்று அழுதார்கள். "அவரு துடைக்கிற மாதிரியே இருக்குடி" என்றார்கள். அந்த 'டி'யை அவர்கள் என்னிடம் அதுவரை சொன்னதில்லை.

மறுநாள் செம்பு ஆறியதும் அண்ணியே துண்டை எடுத்து வந்தார்கள். டாக்டரிடமும் நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. துடைப்பது தாராளமாகச் செய்யலாம், தோலில் புண் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போது கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணுக்குத் தெரிகிறது. படுத்துத் தூங்குகிறார்கள். முழுக்கச் சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். முந்தாநாள் நான் அடுப்படியில் இருந்தபோது செம்பிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டார்கள். "ஒரே வாய்தான். அவரு ஞாபகம் வந்துடுச்சு" என்றார்கள். நான் திட்டவில்லை. அந்த ஒரு வாயைப் போத்தலிலிருந்து குறைத்தேன்.

நீங்கள் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள்? தண்ணீரை அளந்து கொடுக்கும் இந்தத் தங்கையைப் பார்த்துச் சிரித்திருப்பீர்களா? தெரியவில்லை. உங்கள் வைத்தியத்தில் எது மெய், எது உங்கள் ஆசை என்று இன்னும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மனிதர் இன்னொருவருக்காகத் தண்ணீரைப் பதமாக ஆற்றி வைத்ததும், துணியைப் பிழிந்து துடைத்துவிட்டதும் மட்டும் மெய். அதை என் கை அறியும்.

அண்ணே, ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கும்வரை தினமும் உங்கள் செம்பு நிரம்பும். உங்கள் படத்துக்கு முன்னால் ஆறும். ஒரு சொட்டும் கீழே போகாது. ஆனால் உங்கள் பங்கை இனி அண்ணியைக் குடிக்க விடமாட்டேன். அவர்கள் இன்னும் கொஞ்ச காலம் இங்கே எங்களோடு இருக்கட்டும். நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

உங்கள் வாளிகளுக்கு இப்போது காவல் இருக்கும்,
உங்கள் தங்கை