வாசலில் சொல்லாத பதில்

வசந்தியின் அப்பாவுக்கு,

இந்த ஒரு தடவையாவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீங்கள் இருந்தபோதே வாயில் வராத பெயர், இப்போது மட்டும் பேனாவில் வந்துவிடுமா? வசந்தியின் அப்பா என்றே இருக்கட்டும். அப்படிக் கூப்பிட்டால்தானே நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். சிவகாசியில் அதே வீடுதான், அதே தெருதான். அத்தைக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. வசந்தி பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். நான் முன்னறையில் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறைதான். இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்களா? எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நம் பாடம் ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? அச்சாபீஸில் ஆர்டர் கடிதங்களை உங்கள் தலையில் கட்டிய புதிது. பம்பாய் வியாபாரி எழுதிய கடிதம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "ஏ புள்ள, லுக்குன்னா பாரு. ஆஃப்டர்னா பொறவு. பொறவு பாத்துக்கிடுதேன்னு எழுதிருக்கான். நம்ம சரக்க இவன் எப்பப் பாக்கது?" என்றீர்கள். லுக் ஆஃப்டர் என்றால் கவனித்துக்கொள்வது என்று நான் சொன்னதும், என்னமோ நான்தான் அந்த பாஷையைக் கெடுத்துவிட்டது போல என்னை முறைத்தீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் சாதுவாக இருக்கும் சொற்கள், இரண்டு சேர்ந்தால் இப்படியா குணம் மாறும் என்று கேட்டீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு மனுஷர்கள் மாறவில்லையா என்று நான் கேட்டேன்.

விருதுநகரில் பத்தாவது வரை படித்த திமிர் எனக்கு. மனப்பாடம் செய்தால் நிற்காது, வீட்டு வேலையோடு வேலையாகச் சொன்னால்தான் நாக்கில் ஒட்டும் என்று சட்டம் போட்டேன். எந்தக் காரியத்தைச் செய்தாலும் செய்கிறவர் அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். கண் விழித்தால் வேக் அப், பாயை விட்டு எழுந்தால்தான் கெட் அப். உங்களுக்கு இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரம் ஆகும் என்பதால் அந்த வித்தியாசம் மட்டும் சுலபமாகப் புரிந்தது. சட்டை மாட்டினால் புட் ஆன், கழற்றினால் டேக் ஆஃப், விளக்கை அணைத்தால் புட் அவுட். மண்ணெண்ணெய் தீர்ந்துபோன அன்று, "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் கெரசின்" என்று நீங்கள் டின்னைத் தட்டிக்கொண்டே பாடினீர்கள். எண்ணெய் இல்லாத வீட்டில் அப்படிச் சிரித்தவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

அப்போதெல்லாம் அத்தை வெளியிலிருந்து குரல் கொடுப்பார்கள். "என்னத்தா, அம்புட்டுச் சிரிப்பு?" என்பார்கள். "சும்மாதான் அத்தே" என்பேன் நான். எத்தனையோ நாள் இதே கேள்வி, இதே பதில். அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை எனக்கு.

அந்தக் காலையைப் பற்றி இதுவரை யாரிடமும் நான் பேசியதில்லை. காலண்டர் சீசன், வசந்தி தொட்டிலில் கிடந்த வருஷம். லாரியோடு போய் விருதுநகர் ஸ்டேஷனில் லோடு ஏற்றிவிட வேண்டும் என்று உங்களை வரச்சொல்லியிருந்தார்கள். அத்தை வாசலில் முறத்தை வைத்துக் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார்கள். செருப்பை மாட்டும்போது புட் ஆன் சொன்னீர்கள். வாசலுக்கு உள்ளே நின்று, வழக்கம்போல, "சரி புள்ள, போயிட்டு..." என்று ஆரம்பித்தீர்கள். நான் கையை நீட்டி மறித்தேன்.

"இங்கிலீஷ்ல சொல்லுங்க."

தலையைச் சொறிந்து யோசித்தீர்கள். பிறகு கண்டுபிடித்த சந்தோஷத்தில், "ஐ ஆம் கோயிங் அவே" என்றீர்கள். "கரெக்ட்டு" என்றேன் நான்.

திருத்தங்கல் தாண்டி லாரி கவிழ்ந்தது என்று மத்தியானம் ஆள் வந்து சொன்னார்.

போகிறேன் என்று யாராவது சொல்லிவிட்டு வாசலைத் தாண்டுவார்களா நம் ஊரில்? வயசான கிழங்கள்கூட ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போயிட்டு வாரேன் என்றுதானே சொல்கிறார்கள்? நீங்களும் அதைத்தான் சொல்ல வந்தீர்கள். பாதியில் பிடுங்கியது நான். பிடுங்கியதோடு விட்டேனா, நீங்கள் சொன்னதற்குக் கரெக்ட்டு என்று வேறு சொன்னேன். லாரி கவிழ்ந்ததற்கும் வாயில் வந்த சொல்லுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? படித்தவள்தானே? ஆனால் படிப்பு பகலில் என்னோடு இருக்கிறது. படுத்தால் இருப்பதில்லை.

துக்கம் கேட்க வந்த கூட்டம் கலைந்ததும் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். "கெளம்பையில ஒங்கிட்ட என்னத்தா சொன்னான்?" நான், "போயிட்டு வாரேன்னுதான் அத்தே சொன்னாக" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகும் கேட்டார்கள். உங்கள் திதி வரும்போதெல்லாம் கேட்டார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் அதே பொய்யைச் சொன்னேன். அவர்கள் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

டியூஷனில் எல்லாம் நடத்துவேன், கோ அவே மட்டும் நடத்த மாட்டேன். ரன் அவே வரை வந்து, அதைத் தாண்டிப் போய்விடுவேன். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

ஆனால் உங்கள் மகளுக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம் பள்ளிக்கூடம் திறந்த நாள். புதுப் பாவாடையில், பையை மாட்டிக்கொண்டு, நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்றாள். டியூஷனில் காதில் விழுந்த ரன் அவேயிலிருந்து தானாகவே ஒன்றை உருவாக்கியிருக்கிறாள். "அம்மா, ஐ ஆம் கோயிங் அவே!" என்றாள். உங்கள் சிரிப்பு அப்படியே அந்த முகத்தில்.

பளார் என்று அறைந்துவிட்டேன்.

பிள்ளை எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியாமல் அழுதுகொண்டே தெருவில் இறங்கிப் போய்விட்டாள். அத்தை சுவரைப் பிடித்து எழுந்து வந்தார்கள்.

"என்னளா ஒனக்குக் கிறுக்கு? பச்சப்புள்ள என்ன சொல்லிருச்சுன்னு கைய நீட்டுத?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். போயிட்டு வாரேன் என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்ல விடவில்லை நான், இத்தனை காலமும் பொய் சொன்னேன் என்று அவர்கள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். திட்டுவார்கள், முடியைப் பிடிப்பார்கள் என்று காத்திருந்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு, "எங்கிட்டச் சொன்னான்த்தா" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை.

"வாசலத் தாண்டுனவன் எங்கிட்ட வந்து, 'போயிட்டு வாரேம்மா'ன்னு குனிஞ்சு சொன்னான். நாந்தான் பதில் சொல்லல. மொறத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். உள்ள ரெண்டு பேரும் சிரிக்கீக, என்னன்னு கேட்டா சும்மாங்கீக. எனக்கு வெளங்காத பேச்சாப் பேசி எம்புட்டு நாளாச் சிரிக்கீக? என்னயப் பத்தித்தான் என்னமோ சொல்லிச் சிரிக்கீகன்னு நெனச்சேன். அந்த வீம்புல, போயிட்டு வாய்யான்னு ஒரு வார்த்த எம்புள்ளைக்குச் சொல்லாம விட்டுட்டேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டான். அதான் ஒங்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேன். அவன் சொன்னதுக்கு நீயாச்சும் பதில் சொல்லிருப்பேன்னு."

இத்தனை காலம் நான் சுமந்தது வேறு, என் தலையில் இருந்த பாவம் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் பிடுங்கவில்லை. நீங்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்து உங்கள் அம்மாவிடம் கொடுத்திருக்கிறீர்கள். நான் பிடுங்கியது அத்தையின் பதிலை. கைக்குழந்தை போக மூன்று பேர் இருந்த வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு பாஷையை வைத்துக்கொண்டு, மூன்றாவது மனுஷியைச் சும்மாதான், சும்மாதான் என்று வாசலிலேயே உட்காரவைத்திருக்கிறேன். ஒரு தடவை கூப்பிட்டு, அத்தே, மண்ணெண்ணெய் தீர்ந்ததைத்தான் இவர் இப்படிச் சொல்கிறார் என்று சொல்லியிருந்தால் அவர்களும் சிரித்திருப்பார்கள் இல்லையா? என்ன செலவாகியிருக்கும் எனக்கு?

அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "போளா, மூஞ்சியக் கழுவு" என்றார்கள். மன்னித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வசந்தி வரும்போது நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். கன்னத்தில் தடம் மறைந்திருந்தது. நான் தொட்டபோது கொஞ்சம் விலகினாள், பிறகு ஒட்டிக்கொண்டாள். எதற்கு அடித்தேன் என்று அவளுக்கும் சொன்னேன். உங்களைப் பற்றி அவளிடம் நான் அவ்வளவு பேசியதே அன்றுதான். அத்தை குறுக்கே புகுந்து, "திரும்பி வாரதுக்கு அதுல என்னத்தா சொல்லு?" என்று கேட்டார்கள். கம் பேக் என்று வசந்தி சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் காலையில் அவள் போயிட்டு வாரேன் சொன்னதும், "போயிட்டு வா தாயி" என்றார்கள் அத்தை. தெருமுனை வரை போனவளைப் பார்த்து, பக்கத்து வீடெல்லாம் எட்டிப் பார்க்கும்படி, "கம்பேக்கு!" என்று ஒரு சத்தம் வேறு.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டில் இனி யார் சிரித்தாலும் என்னவென்று அத்தைக்குச் சொல்லாமல் சிரிக்க மாட்டோம். இந்த வாசலைத் தாண்டுகிற யாரையும் பதில் இல்லாமல் அனுப்ப மாட்டோம்.

உங்களுக்கும் பதில் வரவில்லை அல்லவா? இதை எழுதி முடித்து அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கடைசியில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவர்கள் சொன்னதையும் அன்று நான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

போயிட்டு வாய்யா.

போயிட்டு வாங்க.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவோடு இருக்கும்
வசந்தியின் அம்மா